அடியைக் கலக்காதே

பணகுடியில் ஆடிக்காற்று
ஆரல்வாய்மொழிக் கணவாயை முட்டிக்கொண்டு வந்து
காற்றாலை இறக்கைகளைப் போட்டு உலுக்குகிற மாதம்.
சகலை செல்வின் வந்தான்,
பதினோரு வருஷம் கழித்து.
செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று
வாசலில் கொஞ்சம் நின்றான்.

போன வாரம்தான் வள்ளியூர் கோர்ட்டில்
ராஜியாகிக் கையெழுத்துப் போட்டோம்.
ஒன்றரைச் சென்ட். அதில் பாதிச் சுவர், ஒரு வேம்பு.
வக்கீல்கள் இரண்டு பேருமே மாடி எடுத்துவிட்டார்கள்.

பீரோவின் அடித்தட்டில், வழக்குக் கட்டுகளுக்குப் பின்னால் அந்தப் பாட்டில்.
கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் விட்ட காலத்தில்
ஏதோ இங்கிலீஷ் துறைமுகத்தில் வாங்கியது.
"அண்ணாச்சி, அஞ்சு வருஷம் தொட்டுராதிய,
இருக்க இருக்கத்தான் ருசி" என்று தந்துவிட்டுப் போனவன்
அதே மாதம் எல்லைக்கல்லைப் பிடுங்கினான்.
(அல்லது நான் பிடுங்கினேன்.
கோர்ட்டு அதைத் தீர்மானிக்கவில்லை.)

இரண்டு தடவை உடைக்கப் போனேன்.
கிருபாதான் பிடுங்கி உள்ளே வைத்தாள்:
"சண்டை ஒங்க ரெண்டு பேருக்கும். பாட்டில் என்ன செஞ்சுது?"

அந்த ஊரில் இது குளிர்ந்த நிலவறையில் தூங்குமாம்.
இங்கே பதினோரு கோடை,
தொட்டால் கை சுடுகிற பீரோ.
வெந்திருக்கும் என்றேன்.
"பாப்போம்" என்றான்.
உட்கார்ந்த பிறகு அவன் சொன்ன முதல் வார்த்தை.

மூடி துருவேறியிருந்தது. சாவியால் நெம்பினான்.
புஸ் என்றுகூட இல்லை.
தூக்கத்தில் புரண்டு படுப்பவர் விடுகிற மாதிரி
ஒரு மூச்சு.

சோப்புத்தூளோடு இலவசமாய் வந்த தம்ளர்களில்
செக்கிலிருந்து இறங்குவதுபோல் இறங்கியது.
விளக்குக்கு நேரே பிடித்தால்
ஓரத்தில் மட்டும் சிவப்பு, மழை பட்ட தேரிமண்.
நுரை பேருக்கு ஒரு வளையம்.
பார்த்ததும் அதுவும் போயிற்று.

டாஸ்மாக் பழக்கத்தில் ஒரே மடக்காய்ச் சாய்க்கப் போனேன்.
மணிக்கட்டில் அவன் கை.
"சொட்டுச் சொட்டா, அண்ணாச்சி."

முதலில் கருப்பட்டி,
பாகு அடிப்பிடித்த உடன்குடிக் கருப்பட்டி.
அதன் முதுகுக்குப் பின்னால் பழம்புளி,
உப்போடு மூன்று வருஷம் பானையில் கிடந்து கறுத்தது.
பேரீச்சை.
நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி வாசம்; அது எங்கள் வெயில்.
அப்புறம் ரொம்பத் தாமதமாய்
நெஞ்சுக்குள் ஒரு சூடு
கதவைத் தட்டாமல் வந்து உட்கார்ந்தது.

கசப்பு போயிருக்கு, என்று சொல்ல வந்தேன்.
வாயை மூடிக்கொண்டேன்.
"லேசாப் புளி..." என்று ஆரம்பித்தவன்
என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.
"நாளாச்சுல்லா" என்றேன்.
"ஆமா. நாளாச்சு."
இரண்டு பேரும் பாட்டிலைப் பார்த்தோம்.
அதைப் பற்றிச் சொல்ல
ஒரு சுத்தமான சொல் இல்லை.
எல்லாவற்றையும் வாதி பிரதிவாதியாய் எழுதித் தீர்த்திருந்தோம்.

அடுப்படியில் கிருபாவும் அவள் தங்கச்சி ஜெபக்கனியும் சிரிக்கிறார்கள்.
இந்தப் பதினோரு வருஷமும்
வாரச்சந்தையில் சந்தித்துப் பேசியிருக்கிறார்கள்.
அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.
ஜெபக்கனி வந்து என் தம்ளரில் விரலை விட்டு நக்கினாள்.
"ஏ, ஆறிப்போன கருப்பட்டிக் காப்பிலா இது!
இதுக்கா இம்புட்டு மரியாதி?"

ஒரு விரற்கடை மிச்சமிருக்கையில் சாய்த்தேன்.
"போதும், போதும்.
அடியில மண்டி கெடக்கு, அண்ணாச்சி. கலக்கிராதிய."

பாட்டிலை நிமிர்த்தி வைத்தேன்.
வெளியே காற்று
தகரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.

இப்போது அடுப்படி ஜன்னலில் அதில் நல்லெண்ணெய்.
மண்டியை எங்கே கொட்டினாளென்று நான் கேட்கவில்லை.
வெந்நீரில் ஊறப்போட்டும் லேபிள் பாதிதான் உரிந்தது.
வருஷம் போட்டிருக்கிற பாதியை
கிருபா நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு
போகட்டும் என்று விட்டுவிட்டாள்.