உள்ளே ஒன்றுமில்லை

வியாழக்கிழமை நாற்பத்தொரு பெட்டிகளோடு வந்தார்
வெரேனா எஷ்லிமன்,
லாங்கென்தால் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
செத்தவர் வீட்டுச் சாமான் விற்கும் எங்கள் கடைக்கு.
ஒவ்வொன்றாய்த் திறந்தேன்.
"உள்ளே ஒன்றுமில்லையே," என்றேன்.
"தெரியும்," என்றார்.

நான் பிஸ்கட் டின்னில் ஊசிநூல் வைக்கிற இனம்.
எங்கள் வீட்டு ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால்
நேற்றைய கணவாய்க் கறி.
வெளியே படம் ஒன்று, உள்ளே பண்டம் வேறு,
அதில் எனக்கு ஒருநாளும் குழப்பமில்லை.
ஆனால் வெறும் பெட்டியைத்
துணி சுற்றி, மூலை மடங்காமல்,
கைக்குழந்தையைப் பஸ்ஸில் கொண்டுவருவதுபோல்
கொண்டுவந்தவரை அன்றுதான் பார்த்தேன்.

சிவப்பு மட்டை. மூடியில் பச்சை எஞ்சின்,
பின்னால் மலை. மலை மட்டும் மங்கல்.
அடியில் எஞ்சின் கிடந்த தடம்:
எட்டுச் சக்கரத்துக்கு எட்டுப் பள்ளம்,
எண்ணெய் ஊறிய ஒரு நிழல்.
மூடியின் உட்புறம் பென்சில் எழுத்து.
அப்பாவுடையதாம்.
ஒன்றில்: "இருபத்துநான்கு பிராங்க். வெரேனாவுக்குச் சின்னமுத்து."
இன்னொன்றில்: "முப்பத்தொன்று ஐம்பது.
மார்த்தாவிடம் பதினெட்டு என்று சொன்னேன்."

ரயில்கள் எங்கே என்று கேட்டேன்.
"தம்பியிடம். ஆண்பிள்ளை, ஓட்டுவான் என்றார் அப்பா.
அவன் ஓட்டி முடித்ததும்
மெல்லிய தாளில் சுற்றி அந்தந்தப் பெட்டியில் வைப்பது
என் வேலை.
முன்பக்கம் இடதுபுறம் பார்க்க.
உயிலில் ரயில் அவனுக்கு என்று இருந்தது.
பெட்டி என்று எழுதவில்லை.
எடுத்துக்கொண்டேன்."
பதினொரு வருடப் பேசாமை
அந்த முகத்தில் ஒரு பதக்கம்போல் இருந்தது.
விலை மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்லி
எல்லாவற்றையும் பின்னறையில் விட்டுப் போனார்.

சனிக்கிழமை ஹன்ஸ்ருவேதி எஷ்லிமன் வந்தார்.
யாரும் அவருக்குச் சொல்லவில்லை.
இரண்டு துவாய்களில் எஞ்சின்கள்,
ஒன்றையொன்று உரசிப் பச்சைப் பெயின்ட் உதிர்ந்து.
"பெட்டி இருந்தால் மூன்று மடங்கு போகும்,"
என்றார் முதலாளி ரெட்டோ.
"பெட்டி ஒருத்தியிடம் இருக்கிறது."
அக்கா என்று சொல்லவில்லை.
நான் பின்னறைப் பக்கம் பார்க்கவில்லை.
கழுத்து தானாகத் திரும்பியது;
இருமினேன்.

கடை பூட்டியபின்
ஒரேயொரு எஞ்சினை எடுத்து,
முன்பக்கம் இடதுபுறம் பார்க்க,
மார்த்தாவை ஏமாற்றிய பெட்டிக்குள் இறக்கினேன்.
எட்டுச் சக்கரமும் எட்டுப் பள்ளத்தில் போய் நின்றன.
பெரிய சத்தமில்லை.
நாள் முழுக்க நின்ற ஆள்
கதிரையில் இருக்கும்போது வருமே,
அவ்வளவுதான்.
எடுக்க மனம் வரவில்லை.
கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

செவ்வாய்க்கிழமை ஜோலோதூர்னிலிருந்து ஒருவர்,
சட்டைப்பைக்குள் வெள்ளைக் கையுறை.
மூடியை முகர்ந்தார். பள்ளங்களை எண்ணினார்.
உட்புறம் திருப்பியதும்
பல்வலிக்காரர்போல் ஆனார்.
"எழுதிக் கெடுத்துவிட்டார்களே!
எழுத்தில்லையென்றால் நானூறு.
எழுத்தோடு நூற்றெண்பது."
பென்சில்தானே, பக்குவமாய் அழிக்கலாம்,
அதற்கென்று ஒரு ரப்பர் வைத்திருக்கிறாராம்.

கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.
"இது விற்பனைக்கில்லை."
"பிறகேன் அலமாரியில் வைத்தீர்கள்?"
நியாயமான கேள்வி.
அவர் போனபின் ரெட்டோவும் அதையே கேட்டார்,
கொஞ்சம் சத்தமாக.

மேசையில் இரண்டு தொலைபேசி எண்கள்.
ஊர்க்குறியீடு ஒன்றே.
எதை முதலில் அழைப்பது?
விலைச்சீட்டு எழுதும் பென்சில் என் காதில் இருந்தது.
மூடியைத் திறந்து
மார்த்தாவின் வரிக்குக் கீழே
இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

கொஞ்சம் இருந்தது.