பிடி

காலை ஆறு. வினிபெக்கில் மைனஸ் இருபத்தொன்பது.
காரின் வயிற்றுக்கு இரவெல்லாம் கரண்ட் கொடுத்து வைத்திருக்கிறோம்,
உறைந்துவிடாமல்.
எனக்கு ஒரு மாத்திரை. தினம் ஒன்று, இதே நேரத்துக்கு.
கதவைத் திறந்தால்
என் மூச்சு எனக்கு முன்னால் படியிறங்கி நிற்கிறது,
வெள்ளையாய், கொஞ்சம் குள்ளமாய்.
"வந்துட்டியா" என்கிறேன்.
குளிர் ஊரில் இது ஒரு வசதி,
ஸ்கேன் இல்லாமலே பார்த்துக்கொள்ளலாம்.

"நீங்க சிகரெட் பிடிப்பீங்களா?"
உயிரோடு இருப்பவளிடம் துக்கம் கேட்க வந்தவர்கள்
இட்லித் தூக்கைக் கீழே வைக்கும் முன்பே கேட்டார்கள்.
இல்லை.
நான் பிடித்ததெல்லாம்
விடிகாலை பஸ்ஸும், அழுகிற பிள்ளையும்,
வருஷம் தவறாமல் ஒரு ஜலதோஷமும்.
பிடித்தவர் இவர்.
பால்வண்ணன், பால்கனியில், பத்தொன்பது வருஷம்.
டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டினார்:
இது மரபணுவில் விழுந்த ஓர் எழுத்துப்பிழை,
புகைமேல் பழி போட முடியாது.
இவர் தலையாட்டினார். நம்பவில்லை.
அன்றோடு நிறுத்தினார்.
ஆனாலும் இரவு பத்தானால் பால்கனிக்குப் போகிறார்,
விரல்களை என்ன செய்வதென்று தெரியாமல்
கம்பியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டு.
"உள்ள வாங்க.
அங்கயே விறைச்சுப் போனா எனக்கு யாரு தோசை சுடுறது?"
சிரிக்கிறாரா என்று முதுகை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன்.

பாசிட்டிவாக இரு என்கிறார்கள் எல்லோரும்.
என் ரிப்போர்ட்டிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது.
பாசிட்டிவ் என்றால் மாத்திரை கேட்கும் என்று அர்த்தம்.
கேட்கிற வரைக்கும் கேட்கும்.
பிறகு வேறொன்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.
முகமெல்லாம் பதினாறு வயதுப் பருக்கள்,
ஐம்பத்து மூன்றில் இப்படி ஒரு சலுகையா
என்று கண்ணாடியிடம் கேட்கிறேன்.
சில நாள் கேட்க வாய் வராது.
அன்றைக்குத் துணி துவைக்கும் மெஷினின் சத்தத்துக்குள் அழுவேன்,
அது சுழலும் நாற்பத்திரண்டு நிமிஷமும்.
பிறகு துணியை ட்ரையரில் போட வேண்டும்,
எழுந்துவிடுவேன்.

மூன்று மாதத்துக்கு ஒருதரம் அந்த வளையத்துக்குள் படுக்கிறேன்.
கண்ணாடிக்கு அப்பால் ரோசெல், மணிலாக்காரி.
போன தடவை அவளுக்கு இரண்டு சொல் கற்றுக்கொடுத்தேன்.
ஸ்பீக்கரில் வருகிறது:
"மூச்சு, பிதி."
பிடிக்கிறேன்.
உள்ளே நிற்கும் காற்றில்
காலையில் இவர் தாளித்த கடுகு கொஞ்சம்,
காத்திருப்பு அறையில் யாருடையதோ ஈரக் கம்பளி கொஞ்சம்.
சிரிப்பு வருகிறது. அசையக் கூடாது.
"விது."

திரும்பும் வழியில் போர்ட்டேஜ் அவென்யூவில் ஒரு ஜோடி பூட்ஸ்.
விலை அதிகம். ஐந்து வருஷ வாரண்டி என்றான் கடைப்பையன்.
இவர் என்னைப் பார்க்காமல் விலைச்சீட்டைப் பார்த்தார்.
"ரசீது வேணும்" என்றேன், "பத்திரமா வச்சுக்கணும்."
கார் வரைக்கும் நாற்பது அடி. நடுவில் ஒருதரம் நின்றேன்.
மூச்சு வெளியே வந்து
எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.
பூட்ஸ் கொஞ்சம் கடிக்கிறது.
போடப் போடச் சரியாகிவிடும்.