ஊற்றியது, வடிந்தது

தொட்டியின் அடியில் நான்கு விரல் உயரம்
செங்கல் ஜல்லி. அதன்மேல் கொசுவலை.
வலைக்கு மேல் மண், வேப்பஞ்சருகு,
சருகு தின்னும் பொடிப்பூச்சிகள்,
நடுவே,
மில்டன் துபாய்க்குப் போகையில்
என் தலையில் கட்டிய அரணை.

கடித்தால் உடனே மரணமாமே என்கிறாள்
கீழ்வீட்டு ஷமீலா.
என் கட்டைவிரலைக் கடித்து
மூன்று மாதம் ஆகிறது.

சத்துவாச்சாரி வெயில்.
மேல்மண் பாலாறு போலக் காய்ந்து கிடக்க
ஏமாந்து ஊற்றிக்கொண்டே இருந்துவிட்டேன்.
இன்று நாற்றம்.
ஜல்லியைத் தாண்டி வலையைத் தொட்டிருக்கிறது தண்ணீர்.
பூச்சிகள் கண்ணாடியில் ஏறி நிற்கின்றன.

இரவுப் பணி உடுப்பைக்கூட மாற்றாமல்
டிரிப்ஸ் குழாயை மூலையில் செருகி
உறிஞ்சுகிறேன்.
வாயில் ஒரு மடக்கு சேறு.
பிறகு தானாக வடிகிறது,
பழுப்பாய், அவசரமில்லாமல்,
அளவுக் குடுவையில்
நானூற்றைம்பது மில்லி.

கை பேனாவைத் தேடுகிறது.

சிறுநீரக வார்டில் விடியவிடிய
ஓர் எண்ணுக்காகக் குனிந்து குனிந்து பார்த்தேன்.
பன்னிரண்டாம் படுக்கையின் பை
எண்பதைத் தாண்டவில்லை.
கால் வீக்கத்தில் அழுத்திய என் விரல்
குழியாக அப்படியே நின்றது.

காலண்டர் ஓரத்தில் எழுதுகிறேன்: 450.
அரணை நாக்கை நீட்டி
ஈரம் பார்த்துவிட்டுச்
சருகுக்குள் போகிறது.