ஒருரோ சாலையில் மூன்றாம் நாள்

பதினொரு டன் தக்காளி என் லாரியில்.
சாலைக்குக் குறுக்கே கட்டியிருப்பதோ
சுண்டுவிரல் தடிமனில் ஒரு கயிறு,
நடுவில் சிவப்புத் துணி.
ஓர் அழுத்து அழுத்தினால் போச்சு
என்றான் பின்னால் நிற்கும் சிமெண்ட் வண்டிக்காரன்.
முதல் நாள் சொன்னான். இரண்டாம் நாளும் சொன்னான்.
அவன் வண்டிதான் எனக்குப் பின்னால் நிற்கிறதே.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் பெண்கள்.
முழக்கம் போட்டு ஓய்ந்ததும்
மடியிலிருந்து கம்பளியை எடுத்துவிடுகிறார்கள்.
தேநீர் வருகிறது, நூற்கிறார்கள்.
போலீஸ் ஜீப் வருகிறது,
நூற்றபடியே பதில் சொல்கிறார்கள்:
கால்வாய்க்குத் தண்ணீர். கையெழுத்துப் போட்ட தாள்.
அதுவரை இங்கேதான்.
அதிகாரி
தரையில் சுழல்வதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
ஜீப்பில் ஏறினார்.

எமெதெரியாவின் கதிர் ஒரு சீவிய குச்சி.
அடியில் வட்டுக்குப் பதில்
மகன் உடைத்த பொம்மை லாரியின் சக்கரம்.
மூன்று நாளாய் இந்தச் சாலையில்
ஓடுகிற சக்கரம் அது ஒன்றுதான்.

இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கும் வேளை
ஆள் போதவில்லை.
"ஏய் தக்காளி, சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய்,
கையை நீட்டு."
நீட்டினேன்.
இரு கைக்கும் குறுக்கே சிட்டத்தை மாட்டினாள்.
லாமா மயிர், கறுப்பும் வெள்ளையும்,
புகை வாசம்.
வலப்புறம் சுழற்றி நூற்றதை
இடப்புறம் சுழற்றிப் புரியாக்குகிறாள்;
ஒன்றையொன்று அவிழ்க்கப் பார்த்து
ஒன்றையொன்று இறுக்கிக்கொள்கின்றன இரண்டும்.

நாலாயிரம் மீட்டர் உயரத்துக் காற்று.
விரல் விறைத்தது.
தரகர் எட்மூந்தோ போன் செய்தபடியே இருக்கிறார்,
எடுக்கக் கையில்லை.
மூக்கைச் சொறியக்கூட விடவில்லை அவள்.
"தளர விடாதே. லாரி ஓட்டுகிற கையா இது?"

சாயங்காலம் வண்டியின் அடியில்
சிவப்பாய்ச் சொட்டத் தொடங்கியது.
பெட்டி பெட்டியாய் இறக்கினேன்.
கயிற்றின் இரு பக்கத்துக்கும் ஒரே அண்டாவில் சூப்.
சிமெண்ட்காரனும் தட்டோடு வந்தான்.

அப்போதுதான் கேட்டேன்:
இத்தனை முறுக்கேறிய நூல் எதற்கு, போன்சோவுக்கா?
கவணுக்கு, என்றாள்.
ஆடு மேய்க்கவா?
மேய்க்கவும்தான்.
ஒரு கண்ணை மூடிக்கொண்டு
என் லாரியின் முன்கண்ணாடியை அளந்து பார்த்தாள்.
"யாராவது அழுத்தினால், அதற்கும்."

சிட்டத்தில் இன்னும் பாதி பாக்கி.
தட்டைத் துடைத்துக் கீழே வைத்துவிட்டு
கையை நீட்டினேன்.