ஓட்டைக் காலணா

டம்டம் பாறை வந்தால் வண்டி நிற்கும்.
நான் நிறுத்துவதில்லை, ஊசி நிறுத்தும்.
இருபத்தைந்து மூட்டை சிமெண்ட்,
பானெட்டுக்கு அடியில் உலை கொதிக்கும் சத்தம்.
தூரத்தில் எலிவால் அருவி
அவ்வளவு தண்ணீரையும் பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருக்கும்.
நான் ஐந்து லிட்டர் கேனோடு காத்திருப்பேன்,
மூடிமேல் ஈரச்சாக்கைப் போட்டு,
முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசுங்க செசிலியக்கா,
மலை வண்டிக்கு அதான் வைத்தியம்" என்றார் லூர்து.
வீசவில்லை. கழற்றினோம்.
மறுநாள் விடியலில் தாண்டிக்குடிப் பனியில்
சௌசௌ ஏற்றி இறங்கினேன்.
ஊசி படுத்த இடத்தைவிட்டு எழவேயில்லை.
வெள்ளைப் புகை. டீசலைக் குடித்தது கணக்கில்லாமல்.
மதியம் ஏறும்போது
அதே வளைவு, அதே கொதி.

அன்றிரவு பால் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து
அதை நூல்கட்டி இறக்கினேன்.
காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் நாற்பத்திரண்டோடு நின்றுவிடும்;
ஜாம் காய்ச்சும் எஸ்தரிடம் ஒன்று கடன் வாங்கியிருந்தேன்.
எண்பத்திரண்டில் நகக்கண் அளவு திறந்தது.
தொண்ணூற்றைந்தில் முழுதாக.
பாவம், அதன்மேல் குற்றமில்லை என்றிருந்தேன்,
புரட்டிப் பார்க்கும்வரை.

கம்பெனி சாமானுக்கு அடியில் ஒரு தட்டு இருக்கும்,
திறக்கும்போதே பைபாஸ் வாயைப் போய் மூடும்.
கடைக்காரன் போன மாசியில் தலையில் கட்டிய இதற்கு
அடி மொட்டை.
கொதித்த தண்ணீரில் பாதி,
திண்டுக்கல் பைபாஸில்
ஊருக்குள் வராமலே போகும் ராத்திரி பஸ் மாதிரி
ரேடியேட்டரை எட்டிக்கூடப் பார்க்காமல்
இன்ஜினுக்கே திரும்பியிருக்கிறது.

சரியானது மதுரையில்கூட இல்லை.
"பைபாஸ் ஹோஸை அடைச்சா?"
"காலைல ஹெட்டு பிளந்துரும்."
"முழுசா இல்ல. கொஞ்சம்."
"ஓட்டைக் காலணா பெறாத யோசனை."
என் கை சாவிக்கொத்துக்குப் போனது.

நாற்பத்து மூன்றாம் வருஷத்துக் காசு.
ஹோஸுக்குள் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.
வெளியே ஒரு கிளிப்.
தெர்மோஸ்டாட்டை மறுபடி மாட்டுமுன்
அதன் விளிம்பில் காற்று தப்ப
மூன்று மில்லிமீட்டர் துளை.
அதை லூர்துவே போட்டார், பேசாமல்.

இன்றைக்கு மூட்டை இருபத்தெட்டு.
வளைவு வளைவாக ஊசி பாதியிலேயே நின்றது,
மேலே போகப் பிரியமில்லாததுபோல்.
டம்டம் பாறையில் என் கால்
தானாக பிரேக்கை மிதித்தது.
இறங்கி, கேனைத் தூக்கிக்கொண்டு
பானெட் முன் நின்றேன்.
யாரும் கேட்கவில்லை.
மூடி திறந்து நானே குடித்தேன்.
மீதியில் முகம் கழுவினேன்.