2051-க்கு ஒரு தொட்டி

ஊத்துக்கோட்டையிலிருந்து ஏழு கிலோமீட்டர்.
ஊரின் கடைசிப் புளியமரம் தமிழ்நாடு,
காலையில் அதன் நிழல் ஆந்திரா.

என்னிடம் நான்கு எண்கள் இருந்தன.
எண்பத்தொன்றில் 1204.
தொண்ணூற்றொன்றில் 1517.
அடுத்து 1688. அடுத்து 1702.
இருபத்தொன்றுக்கு நேரே ஒரு சிறு கோடு;
அந்த வருஷம் யாரும் வந்து கதவைத் தட்டவில்லை.

முப்பது வருஷம் தாங்கும் மேல்நிலைத் தொட்டி கேட்டார்கள்.
கூட்டிக்கொண்டே போனால் 2366 பேர்.
பெருக்கிக்கொண்டே போனால் 2700.
கூடுவது எவ்வளவு குறைந்து வருகிறது என்பதையும்
சேர்த்துப் பார்த்தால் 871.
ஒரே ஊர், அதே நான்கு எண்கள்.
ஒரு தாளில் பள்ளிக்கு இன்னொரு வகுப்பறை கட்ட வேண்டும்,
இன்னொரு தாளில் பூட்டிவிடலாம்.

செயற்பொறியாளர் தணிகாசலம்
"மூணையும் கூட்டி மூணால வகுத்துடும்மா" என்றார்.
1979.
என் அக்கா பிறந்த வருஷம் போலிருந்தது,
ஓர் ஊர் போல இல்லை.

பழைய கோப்பை எடுத்தேன்.
எண்பத்தேழில் கனகசபாபதி என்றொரு உதவிப் பொறியாளர்
2017-இல் இங்கே 3400 பேர் என்று எழுதியிருந்தார்.
எந்தச் சூத்திரம் என்று எழுதவில்லை.
ஊர் அவர் பேச்சைக் கேட்கவில்லை.
பெண்கள் இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள், பிறகு ஒன்றோடு.
பையன்கள் தடாப் பக்கத்துக் கம்பெனி பஸ்ஸில் ஏறி
அங்கேயே வாடகைக்கு இருந்துவிட்டார்கள்.
தொட்டி மட்டும் அவர் சொன்ன அளவிலேயே நின்றது,
தினமும் நிரம்பியது,
வராத ஆயிரத்து எழுநூறு பேருக்கும் சேர்த்து.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?
மோட்டார் போடும் முனிரத்தினம் தலையைச் சொறிந்தார்.
விடிகாலை நாலு மணிக்கு வரச் சொன்னார்.

புளியமரத்தடியில் பச்சை ஹோஸ் பைப் ஒன்று,
இரண்டு இடத்தில் சைக்கிள் டியூப் சுற்றி,
எல்லைக்கல்லைத் தாண்டிக்கொண்டிருந்தது.
அந்தப்பக்கம் செங்கல் சூளை. தகரக் கொட்டகைகள்.
நாற்பது ஐம்பது குடம். பின்னால்
ஸ்ரீகாகுளத்திலிருந்து வந்தவர்கள்,
ஒடியாவில் அழும் ஒரு பிள்ளை,
மழை விழுந்தால் காணாமல் போகிறவர்கள்.
இடம்பெயர்வு என்ற உறுப்புக்கு
நான் பூஜ்யம் போட்டிருந்தேன்.

போலேரம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கேட்டாள்,
"மோட்டார் இங்கா எந்தசேப்பு, மேடம்?"
இன்னும் எவ்வளவு நேரம் ஓடும்னு கேக்குது, என்றார் முனிரத்தினம்.
முப்பது வருஷம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

பெருக்கல் முறை ஏற்கப்படுகிறது என்று கோப்பில் எழுதினேன்.
2700.
தணிகாசலம் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு காரணம் கேட்டார்.
"ஊர் வளரும் சார்."

கனகசபாபதியும் இப்படித்தான் பொய் சொன்னாரா,
இல்லை, நிஜமாகவே நம்பினாரா தெரியவில்லை.
3400 என்று எழுதியதில்
கடைசிச் சுழியை மட்டும்
இரண்டு தரம் சுழித்திருக்கிறார்.