இருநூற்றுப் பதினோராம் மணி

கெமி நகரில் கடல் உறைந்து பதினொரு வாரம்.
காகித ஆலைக்குப் பின்னால், தகரக் கொட்டகையில்,
மூன்றாம் ஷிஃப்ட்டில் ஐனிக்கி
அழுத்தமானியின் முள் ஏறுவதைப் பார்க்கிறாள்.

உலையின் மேல்வாயில் பிர்ச் மரத்தின் எண்ணெய்:
கறுப்பு, புளிப்பு, அடிபிடித்த பாகின் நெடி.
சும்மா வைத்தால் கெட்டிப்படும். இரும்பை அரிக்கும்.
எந்த லாரியும் குடிக்காது.
வேறொன்றுமில்லை, மூச்சு இன்னும் போகவில்லை அதற்கு.
மூலக்கூறு ஒவ்வொன்றும்
கக்கத்தில் இடுக்கி வைத்திருக்கிறது
பிராணவாயுவை.

உள்ளே மாலிப்டினம், கந்தகம் போர்த்தியது,
மிளகளவு உருண்டைகள், நாலரைக் கிலோ.
எண்ணெய் வந்து அதன்மேல் சாயும்.
ஹைட்ரஜன் பக்கத்தில் வந்து நிற்கும்.
எங்கோ ஒரு பிடி தளரும்.

அடிக்குழாயில் இரண்டு அடுக்கு.
மேலே, தைஸ்தோ காத்திருக்கும் டீசல்.
கீழே தண்ணீர்.
ஐனிக்கி தண்ணீரைத்தான் முதலில் பார்ப்பாள்:
போன வருடம் வரை நின்ற மரம்
எவ்வளவு விட்டுக்கொடுத்தது என்று.
இன்றைக்கு
அரைக் காபிக் கோப்பைகூட இல்லை.

தமிழில் இதற்கு வினையூக்கி என்று பேர்.
வினையைத் தூண்டும்; வினை அதைத் தொடாது;
போனது போலவே திரும்பி வரும், என்கிறது பாடப் புத்தகம்.
ஐனிக்கிக்குத் தமிழ் தெரியாது.
தெரிந்திருந்தால் சிரித்திருப்பாள்.

தொடுகிறதே.
கரியாக, மணிக்கு மணி, துளை துளையாக.
போர்த்திய கந்தகமும்
கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போகிறது.

"நானூறு மணி தாங்கும் என்றுதானே எழுதிக் கொடுத்தோம்?"
போனில் தைஸ்தோ, பாதித் தூக்கத்தில்.
"நீ எழுதினாய்," என்கிறாள்.
எண்ணெயை நிறுத்துகிறாள்.

ஹைட்ரஜனை நைட்ரஜன் விட்டுத் துரத்தியாயிற்று.
இனிக் காற்று. மெல்ல.
நூற்றில் ஒரு பங்குதான் ஆக்சிஜன்,
கை கொஞ்சம் தாராளமானால்
நாலரைக் கிலோவும் வெந்து பாழ்.
எதைப் பிடுங்க இதை இங்கே அடைத்தார்களோ
அதையே ஊட்டினால்தான்
கரி எரியும், கண் திறக்கும்.
நாளைக்கு மறுபடி கந்தகம்,
கொட்டகை முழுக்க அழுகிய முட்டை நாற்றம்.

தைஸ்தோவின் அறிக்கையில் இது 'மீளாக்கம்'.
அவள் பதிவேட்டில்: மணி 211. காற்று கொடுத்தேன்.

ஜன்னலில் பனி உட்பக்கமாகவே படிந்திருக்கிறது,
இரவு முழுக்க அவள் விட்ட மூச்சு.
திரையில் கரியமில வாயுவின் எண்
நகர்கிறதா என்றால், நகர்கிறது.
கம்பு ரொட்டியைப் பிரித்து,
முள்ளின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல்
ஒரு கடி கடிக்கிறாள்.